பழைய குவில்ட் பிளாக்குகள் கைக்கு வந்தால்: துவைக்கலாமா, பிரிக்கலாமா, முடிக்கலாமா?

கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒஹையோவில் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி காலமான பிறகு, வீட்டைக் காலி செய்த அவருடைய மகள் உங்களுக்குத் தைக்கத் தெரியும் என்பதால் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்திருக்கிறார். அதில் கையால் தைத்த 23 டிரெஸ்டன் பிளேட் பிளாக்குகள், அதாவது துண்டுத் துணிகளைப் பூவிதழ் போல வெட்டி வட்டத் தட்டு வடிவில் சேர்த்துத் தைத்த சதுரங்கள். இப்படிப் பல சதுரங்களைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தால் குவில்ட் என்னும் போர்வை. தைத்தவர் மூதாட்டியின் அம்மா, காலம் 1930-களாக இருக்கலாம் என்று மகள் சொல்லியிருக்கிறார். ஒன்றின் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் பழுப்புக் கறை, சில தட்டையாகப் படியவே மறுக்கின்றன. கூடவே உங்கள் குவில்ட் குழுவுக்கு நன்கொடையாக வந்த ஒரு பை நிறையக் கலவையான பிளாக்குகளும் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கின்றன. துவைக்கலாமா, பிரித்துத் திருத்தலாமா, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குவில்ட்டாகப் போட்டுவிடலாமா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, "தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, எனக்கு இதைத் தொட உரிமை இருக்கிறதா" என்று, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

உரிமை தாராளமாக இருக்கிறது. அந்த அம்மா இவற்றைப் போர்வை ஆக்குவதற்காகத்தான் தைத்தார். டிரெஸ்டன் பிளேட் 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கா முழுக்கப் பரவிய மாதிரி; செய்தித்தாள்களிலும் மாத இதழ்களிலும் வெட்டுமாதிரிகள் வந்தன. முடிக்காமல் விட்ட டிரெஸ்டன் பிளேட் பிளாக்குகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. எனவே நீங்கள் முடிப்பதால் வரலாற்றுக்கு இழப்பு எதுவும் வந்துவிடாது. இன்னொரு அட்டைப்பெட்டியில் இன்னும் நாற்பது வருடம் கிடந்தால்தான் இழப்பு. நான் படித்தது ஜவுளி வேதியியல். இங்கே வந்த பிறகு பல வருடங்களாக, பாதியில் நின்றுபோன குவில்ட்டுகளை முடித்துத் தரும் வேலையைச் செய்துவருகிறேன். அதில் நான் விடாமல் சொல்வது ஒன்றுதான்: முதலில் துணியின் ஆயுசைப் பாருங்கள், அழகை அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பார்டருக்குக் கலர் தேர்ந்தெடுத்து, கடைக்குப் போய்த் துணியும் வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் நடுவில் இருக்கும் நாலு பிளாக் இற்றுப்போனது தெரியவருகிறது.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிளாக்கையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நிறையச் சொல்லும். கேள்வியோடு நீங்கள் போட்ட இரண்டாவது படத்தில் மஞ்சள் பூப்போட்ட இதழ் ஒன்றின் பின்புறம் தெரிகிறது. ஓரத் தையலை ஒட்டி, சம இடைவெளியில் ஒரு வரிசை ஓட்டைகள் இருக்கின்றன பாருங்கள். பூச்சி அரித்ததோ என்று கேட்டிருந்தீர்கள். பூச்சி அரித்தால் இவ்வளவு ஒழுங்காக வரிசை வராது. கோழித் தீவனமோ மாவோ வந்த சாக்கை முரட்டு நூலால் சங்கிலித் தையல் போட்டு மூடியிருப்பார்கள். அந்த நூலை உருவி எடுத்த தடம் இது. அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் அந்தச் சாக்குத் துணிதான் சட்டை, பாவாடை, தலையணை உறை எல்லாம். 1920-களின் நடுவிலிருந்து ஆலைகளே சாக்கில் பூவும் கட்டமும் அச்சடித்து விற்க ஆரம்பித்தன. ஒரு கவுனுக்கு ஒரே பூப்போட்ட சாக்கு மூன்று வேண்டும் என்றால், தீவனக் கடையில் அதே பூவைத் தேடி எடுத்துவரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினார்கள். 100 பவுண்டு சாக்கைப் பிரித்து விரித்தால் ஒரு கஜத்துக்கும் சற்று அதிகமாகவே துணி கிடைக்கும். காகிதப் பைகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை, 1950-கள் வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது.

ஆக, அந்த இதழின் துணி 1920-களுக்கும் 50-களுக்கும் இடைப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். பிளாக்கும் அதே காலத்தில் தைத்தது என்று அதே துணிவோடு சொல்ல முடியாது. துண்டுத் துணிகள் பையில் பத்து இருபது வருடம் தூங்கிய பிறகும் தைக்க எடுப்பார்கள். 1930-களின் அச்சுகளைப் பார்த்து அப்படியே மறுபடி அச்சடித்த துணிகளும் கடைகளில் பல வருடங்களாகக் கிடைக்கின்றன. ஒரு புறஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். துணியிலோ நூலிலோ பளீரென்ற நீல வெள்ளை ஒளிர்ந்தால் அதில் துணியைப் பளிச்சென்று காட்டும் ஒளிர் வெளுப்பூட்டி இருக்கிறது. அவை 1940-களில் பரவ ஆரம்பித்தவை. ஆனால் பழைய துணியைப் புது சோப்புத் தூளில் ஒருமுறை அலசியிருந்தாலும் ஒளிரும். எனவே ஒளிரவில்லை என்றால் அது நல்ல தடயம், ஒளிர்ந்தால் அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. இந்தச் சோதனையை நீங்கள் தண்ணீரில் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்தது பலம். இதழை இரண்டு கைக் கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்து, இழை ஓடும் திசையில் மெல்ல இழுங்கள். நல்ல பருத்தி சற்று எதிர்த்து நிற்கும். இற்ற துணி சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கும், சில சமயம் விரலில் தூள் ஒட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நைந்த இடங்கள் தனியாகத் தெரியும். 1930-களின் அச்சுப் பருத்தி பெரும்பாலும் திடமாகவே இருக்கிறது. கெடுப்பது வைத்திருந்த இடம்தான். அட்டைப்பெட்டியும் மரப்பெட்டியும் அமிலத்தைக் கசியவிடும். மடிப்பு மரத்தில் பட்ட இடத்தில் பழுப்பு நிறக் கோடு விழும், பருத்தி இழை அங்கேதான் முதலில் முறியும். பரணில் வெயில் காலத்துச் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். உங்கள் பிளாக்குகளை இப்போதே அந்த அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்த பழைய வெள்ளைப் பருத்தி விரிப்பில் சுற்றி வையுங்கள். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்.

துவைப்பது பற்றி. தனி பிளாக்கை மெஷினில் போடவே கூடாது, கையால் கசக்கவும் கூடாது. நாலு பக்கமும் வெட்டு விளிம்பு. தையலுக்கு விட்டிருப்பது கால் அங்குலமோ அதற்கும் குறைவோ. கொஞ்சம் பிசிர் போனால் தையல் பிரிந்துவிடும். தட்டையாக ஊறவைத்து எடுப்பது ஒன்றே வழி. அதற்கு முன் சாயச் சோதனை. நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு வகைத் துணியின் மீதும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முதலில் வெறும் தண்ணீரில், பிறகு சோப்புக் கரைசலில். 23 பிளாக்கிலும் அதே துணிகள் திரும்பத் திரும்ப வரும், எனவே நினைப்பதைவிட வேலை குறைவு. 1901-இல் வந்த இண்டாந்த்ரீன் வகைச் சாயங்கள் 30-களுக்குள் நன்றாகப் பரவிவிட்டன என்பதால், அந்தக் கால வெளிர் நிறங்கள் பலவும் கெட்டியாக நிற்கின்றன. நான் கவலைப்படுவது அச்சில்லாத தனிச் சிவப்பு, அடர் நீலம், கறுப்பு இவற்றைப் பார்த்துத்தான். உங்கள் தட்டுகளின் ஓரத்தில் கறுப்பு நூலால் காஜா தையல் போட்டிருக்கிறது. அந்த நூலைத் தனியாகச் சோதியுங்கள். ஒன்றே ஒன்று சாயம் விட்டாலும் அந்த பிளாக்கை ஊறவைக்க வேண்டாம், காற்றாட விட்டால் போதும்.

தேறியவற்றுக்கு அகலமான தொட்டி ஒன்று, அடியில் ஜன்னலுக்குப் போடும் நைலான் வலை. வெதுவெதுப்பான தண்ணீர் நிறைய. அமிலமோ காரமோ இல்லாத, வாசனையும் வெளுப்பூட்டியும் சேர்க்காத திரவ சோப்பு சில சொட்டு. வலையின் மேல் பிளாக்கை விரித்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அரை மணி நேரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். பார்த்ததும் சாயம் போய்விட்டது என்று வயிறு கலங்கும். அது பல வருடங்களாகப் பருத்தி சிதைந்து சேர்ந்த பழுப்பு, வெளியே வருவது நல்லது. தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரமான பிளாக்கை மூலையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் கனம் தையலைப் பிய்த்துவிடும், எனவே வலையோடு தூக்கி வெள்ளைத் துண்டில் இறக்குங்கள், நிழலில் தட்டையாகக் காயட்டும். உங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதில் இரும்புச்சத்து இருக்கக்கூடும். கடைசி அலசலுக்காவது சுத்திகரித்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் பிளீச் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அது பருத்தி இழையையே தின்றுவிடும். ஆக்சிஜன் பிளீச் விஷயத்தில் எனக்கு முழு உறுதி இல்லை. வெள்ளை மஸ்லினில் பழுப்பு நன்றாக எடுபடுகிறது, அச்சுத் துணியில் சில சமயம் நிறத்தையும் கொண்டுபோகிறது. வேண்டுமானால் இருப்பதிலேயே மோசமான பிளாக்கில் முதலில் போட்டுப் பாருங்கள். ஊறவைக்கும் முன் இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும்.

சரி, பிரித்துத் திருத்துவதா? என் கணக்கில் பிரிப்பதற்கு மூன்றே காரணங்கள்: தையல் விட்டுப்போயிருக்க வேண்டும், துணி இற்றிருக்க வேண்டும், அல்லது தட்டு தட்டையாகப் படியாமல் இருக்க வேண்டும். இரண்டு ஊதா இதழ் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டது, ஓர் இதழ் மற்றதைவிட ஒல்லி, நடு வட்டம் கொஞ்சம் ஓரமாகப் போய்விட்டது என்பதெல்லாம் காரணமே இல்லை. அது அவர் கை. அதைச் சமன்படுத்திவிட்டால் பிறகு புதுத் துணியில் தைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தட்டையாகப் படியாததற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு தட்டுக்கு 20 இதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழிலும் இரு பக்கத் தையலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தவறினால், இதழுக்கு எட்டில் ஒரு பங்கு, மொத்த வட்டத்தில் இரண்டரை அங்குலம். தையல் உள்ளே தள்ளிப் போயிருந்தால் தட்டு கிண்ணமாகக் குழியும். வெளியே போயிருந்தால் ஓரம் பாவாடை விளிம்பாக அலை அடிக்கும். திருத்துவதற்கு முழுத் தட்டையும் பிரிக்க வேண்டியதில்லை. அலை அடித்தால், எதிரெதிரே இருக்கும் நாலைந்து தையல்களில் மட்டும் வெளி ஓரத்தில் கொஞ்சம் உள்ளே பிடித்து, நடு வட்டம் நோக்கி ஒன்றுமில்லாமல் சரித்துக்கொண்டே போங்கள். குழிந்திருந்தால் அதே போல் நாலைந்தில் சற்று விட்டுக்கொடுங்கள். பின்னால் துணி மிச்சம் இருந்தால்தான் முடியும். இல்லையென்றால் ஒரு தையலைப் பிரித்து, அதே காலத்துத் துணியில் ஒல்லியான இதழ் ஒன்றைச் செருகுங்கள். லேசான அலை மட்டும் என்றால் எதையும் பிரிக்காதீர்கள். கொஞ்சம் கஞ்சி தெளித்து, இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினாலே பாதி அடங்கும், மீதியை, அடுக்குகளைச் சேர்த்துப் போடும் குவில்ட்டிங் தையல் விழுங்கிவிடும்.

உங்கள் தட்டுகள் எல்லாம் வெளுக்காத மஸ்லின் சதுரத்தில் ஆப்ளிக் செய்தவை, அதாவது மேலே வைத்துத் தைத்தவை; கறை பெரும்பாலும் அந்த மஸ்லினில்தான். ஊறவைத்த பிறகும் போகாவிட்டால், தட்டைப் பின்பக்கமிருந்து பிரித்தெடுத்துப் புது மஸ்லினில் வைத்துவிடலாம். கறுப்புத் தையலை ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை பின்னால் வெட்டி, துண்டு துண்டாக உருவுங்கள், முன்னால் இழுக்காதீர்கள். புதுச் சதுரத்தைத் தேவைக்கு மேல் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, தைத்து முடித்த பிறகு அளவுக்கு நறுக்குங்கள். ஆப்ளிக் செய்யும்போது துணி எப்போதும் கொஞ்சம் சுருங்கும். பளீர் வெள்ளை வேண்டாம், பழைய அச்சுகள் அதன் மேல் அழுக்காகத் தெரியும்.

அளவு ஒத்துப்போகவில்லை என்பதற்கு வழி இருக்கிறது. நீங்கள் அளந்து எழுதியதில் மிகச் சிறியது 11.5 அங்குலம், மிகப் பெரியது 12.75. பெரியதைச் சிறியதற்கு வெட்டினால் இதழ் நுனி போய்விடும். அதனால் எல்லா பிளாக்குக்கும் சுற்றி 2 அங்குலப் பட்டை வைத்துத் தையுங்கள். தையலுக்குக் கால் அங்குலம் போக, சிறியது 14.5 ஆகும், பெரியது 15.75 ஆகும். பிறகு எல்லாவற்றையும், தட்டு நடுவில் வரும்படி பார்த்து, 14.5-க்கு நறுக்கினால் தைத்த பிறகு 14 அங்குலம் நிற்கும். பிளாக்குக்கு பிளாக் பட்டையின் அகலம் சற்று மாறும். பட்டையும் பின்னணியும் ஒரே மஸ்லினாக இருந்தால் யாருக்கும் தெரியாது. நாலு வரிசையும் ஐந்து நெடுக்கும் வைத்தால் 56-க்கு 70. சுற்றி 5 அங்குல பார்டர் போட்டால் 66-க்கு 80, ஒருவர் போர்த்திக்கொள்ள நல்ல அளவு. மீதி மூன்று பிளாக்குகளில் மோசமானதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைத் தலையணை உறையாக்கி அந்த மகளுக்குக் கொடுங்கள். பெட்டியைக் கொடுத்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பதில் பரிசு எனக்குத் தோன்றவில்லை.

நைந்த இதழ்கள் ஒன்றிரண்டு வரும். அவற்றின் மேல் மெல்லிய டியூல் வலையை வைத்து ஓரம் தைத்துவிட்டால் அடியில் பழைய துணி தெரியும், உதிராது. அல்லது நன்கொடைப் பையில் அதே காலத்து இற்றுப்போகாத துணி இருந்தால் அதிலிருந்து ஓர் இதழ் வெட்டி மேலே வைத்துத் தையுங்கள், அடியில் இருப்பதை எடுக்காதீர்கள். இஸ்திரி போட்டு ஒட்டும் லைனிங் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். தினம் போர்த்தும் போர்வைக்கு அது உடனடிப் பலம் தருகிறது என்பது உண்மை. அந்தப் பசை வருடக்கணக்கில் பருத்தியோடு என்ன செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஒட்டினால் திரும்ப எடுக்கவும் முடியாது. நான் பழைய துணிக்குப் பயன்படுத்துவதில்லை.

நன்கொடைப் பையை இதோடு கலக்காதீர்கள் என்றே சொல்வேன். ஒரு கைத் தையலில் வந்த 23 பிளாக்குகளுக்கு ஒரு குணம் இருக்கிறது, கலந்தால் அது காணாமல் போய்விடும். அந்தப் பையில் முதலில் பாலியஸ்டரைப் பிரித்தெடுங்கள். 1960-களின் கடைசியிலும் 70-களிலும் தடிமனான பாலியஸ்டர் நிட் துணியில் நிறையத் தைத்தார்கள், பருத்திச் சூட்டில் இஸ்திரி வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் என்றால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருண்டு கறுப்பு மணியாக இறுகும். பட்டு வந்தால் இன்னும் கவனம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டுக்குக் கனம் கூட்ட வெள்ளீய உப்புகளைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டு இன்று தொட்டாலே கீற்றுக் கீற்றாகக் கிழிகிறது. அதே நூற்றாண்டின் அடர் பழுப்பு, கறுப்புப் பருத்திகளில் இரும்பு உப்பு கலந்த சாயம் இருந்தால் அந்த இடம் மட்டும் அரித்துப்போயிருக்கும். அப்புறம் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. 1960-களில் அமெரிக்காவில் அதன் சட்டைகள் மிகப் பிரபலம். அலச அலசச் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே அழகு என்று சொல்லி, 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்றே விற்றார்கள். நம்மூர்த் துணியைப் பார்த்த ஆசையில் அதை வெள்ளை மஸ்லின் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

நன்கொடை பிளாக்குகளில் போர்வை செய்து குழந்தைகளுக்கோ மருத்துவமனைக்கோ தருவதாக இருந்தால், அது வாரம் ஒருமுறை மெஷினில் விழும் என்று நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். பலமான, சாயம் போகாத, சமீப காலத்துப் பருத்தி பிளாக்குகள் மட்டும் அதற்கு. நைந்த பழையவற்றைச் சுவரில் தொங்கவிடும் சிறு துண்டாக ஆக்கலாம். ஒரு பிளாக்கில் பெயரோ ஊரோ மையால் எழுதியோ நூலால் தைத்தோ இருந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள். தேவாலயத்துக்கு நிதி திரட்ட ஆளுக்குச் சில காசு வாங்கிக்கொண்டு பெயர் தைத்துத் தருவது அன்றைய வழக்கம். அப்படிப்பட்ட பிளாக்குகள் ஓர் ஊரின் பதிவேடு. ஊர்ப் பெயர் தெரிந்தால் அங்குள்ள வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதிக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். 1900-க்கு முந்தையதாகத் தோன்றும் எதையும் ஊறவைக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். குவில்ட்டுகளுக்கென்றே சான்று பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். விலை மதிப்பு பற்றிப் படத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்; துணியைத் தொடாமல் சொல்லும் மதிப்பு வெறும் ஊகம்.

நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்குக்கு மெல்லிய பருத்தி போதும். அந்தக் காலத்துப் பஞ்சு நகராமல் இருக்க மிக நெருக்கமாகத் தைக்க வேண்டியிருந்தது. இன்றைய பேட்டிங்குகள் பலவும் 8 அங்குல இடைவெளி வரை தாங்கும், உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பழைய துணியில் ஊசி ஓட்டை குறைய இருப்பது நல்லது. கையால் என்றால் ஒவ்வொரு இதழின் உள்ளேயும் கால் அங்குலம் தள்ளி ஒரு வரி. மெஷினிலும் தைக்கலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை. முழுக் குவில்ட்டையும் சட்டத்தில் மாட்டித் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷினுக்குக் கொடுத்தால் மட்டும், விட்டுப்போன தையல்கள் பாதத்தில் மாட்டிக் கிழியும் என்பதால் முன்கூட்டியே எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கொடுங்கள்.

பின்பக்கத்தில் ஒரு பருத்தி லேபிள் தையுங்கள். அந்த மகளிடம் இந்த வாரமே பேசி, அவருடைய பாட்டியின் முழுப் பெயர், பிறந்த ஊர், எங்கே வாழ்ந்தார், கோழி வளர்த்தார்களா என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீடு விற்றுப்போன பிறகு அவரைப் பிடிப்பது கஷ்டம். லேபிளில் பிளாக்குகளைத் தைத்தவர் பெயர், "சுமார் 1930-கள்", ஊர், அதற்குக் கீழே சேர்த்து முடித்தவர் என்று உங்கள் பெயரும் வருடமும். "சுமார்" என்பதை விட்டுவிடாதீர்கள். அழியாத நிறமிப் பேனா வேண்டும், அல்லது நூலால் தைத்துவிடுங்கள். ஊறவைத்துக் காய்ந்த பிறகு, பழுப்புக் கறை இருந்த பிளாக்குகளின் முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு படம் போடுங்கள். எவற்றுக்கு மஸ்லின் மாற்ற வேண்டும் என்பதை அப்போது பார்த்துச் சொல்கிறேன்.